8 கேஜ் கிட், மங்கும் லைட், கேபாசிட்டர் கேள்வி: கார் ஆம்ப் பவர், எர்த் ஒயரிங் பற்றிய உரையாடல்

மார்ச் 3, இரவு 9.40 (கேட்டவர்)
600 வாட் ஆர்எம்எஸ் மோனோ ஆம்ப், கிளாஸ் டி, டிக்கியில் இருக்கு. 8 கேஜ் (ஒயர் தடிமன் எண்; எண் குறைஞ்சா ஒயர் தடிமன் கூடும்) ஒயரிங் கிட், 60 ஆம்பியர் ஃபியூஸும் அதோடவே வந்தது. பாஸ் அடிக்கும்போது டேஷ்போர்டு லைட் மங்குது. சத்தம் கூட்டினா ஆம்ப் புரொடெக்டுக்கு (தன்னைக் காப்பாத்திக்க தானே அணையும் நிலை) போயிட்டு திரும்பி வருது. ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல ஒரு விசில், ஆர்பிஎம் ஏற ஏற அதுவும் ஏறுது. 1 ஃபாரட் கேபாசிட்டர் போட்டா மூணும் சரியாயிடும்னு சொல்றாங்க. வாங்கலாமா?

மார்ச் 3, இரவு 10.25
வாங்காதீங்க. முதல்ல கணக்கு.

600 வாட் வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் 750 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் வகுத்தால் 54 ஆம்பியர். இதே வாட்டுக்கு திறன் குறைந்த கிளாஸ் ஏபி ஆம்ப் என்றால் 80 ஆம்பியர் பக்கம் போயிருக்கும்.

1 ஃபாரட் கேபாசிட்டர் ஒரு வோல்ட் இறங்குவதற்குள் கொடுக்கக்கூடிய சார்ஜ் 1 கூலோம்ப். 54 ஆம்பியரில் அது 18 மில்லி செகண்டில் தீர்ந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் பாஸின் ஒரு சுற்றுக்கே 20 மில்லி செகண்ட் வேணும். அதாவது பாஸ் நோட் ஒன்றைக்கூட முழுசாகத் தாங்காது. தாங்கினாலும், காலியானதைத் திரும்ப நிரப்பப் போவது அதே மெல்லிய ஒயர்தானே.

உங்க மூணு தொந்தரவுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம், ஆனால் அதை மல்டிமீட்டர்தான் சொல்லணும்.

மார்ச் 3, இரவு 10.50
எப்படி அளப்பது என்று சொல்லாமல் விட்டுட்டேன். இன்ஜின் ஓடணும், ஆம்பில் 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடணும், வழக்கமாகக் கேட்கும் சத்தத்தின் உச்சத்தில். ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல் வேண்டாம், ஸ்பீக்கரின் வாய்ஸ் காயில் (உள்ளே உள்ள கம்பிச்சுருள்) வெந்துவிடும். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைங்க.

நாலு அளவு வேணும். பேட்டரி பிளஸ் மைனஸ் நடுவே. ஆம்ப் டெர்மினல் இரண்டின் நடுவே. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஆம்ப் பிளஸ்ஸுக்கு. பேட்டரி மைனஸிலிருந்து ஆம்ப் மைனஸுக்கு (இதுதான் எர்த் பக்கம், கரண்ட் கார் பாடி வழியாகத் திரும்பும் பாதை). கடைசி இரண்டுக்கும் நீளமான ஒயர் ஒன்று தேவை. மீட்டர் வழியாக கரண்ட் ஓடாது என்பதால் எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டும் நுனியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று சேர்த்துக்கோங்க. அந்த ஒயர் எங்காவது உரசினால் பேட்டரி முழுசும் அதன் வழியாகத்தான் பாயும்.

கிளாம்பில் இல்லாமல் பேட்டரியின் ஈயத் தூணிலேயே மீட்டர் முனையை வைங்க. மூணாவதும் நாலாவதும் கூட்டினால், முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் வரணும். வரலைன்னா ஏதோ ஒன்றைத் தப்பாக அளந்திருக்கீங்க.

மார்ச் 4, மாலை 6.30 (கேட்டவர்)
பேட்டரியில் 14.1. ஆம்பில் 12.3. பிளஸ் பக்கம் 1.1, எர்த் பக்கம் 0.7.

மார்ச் 4, இரவு 8.05
1.1 + 0.7 = 1.8. 14.1-லிருந்து 12.3 போனால் 1.8. கணக்கு கச்சிதம். இப்ப பேசலாம்.

பேட்டரியிலேயே 14.1 நிற்கிறது, அதனால் ஆல்டர்னேட்டரையும் பேட்டரியையும் இப்போதைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வோல்ட் தொலைவது வழியில்தான். நல்ல செம்பு 8 கேஜ் என்பது 8.4 ஸ்கொயர் எம்எம், ஒரு மீட்டருக்கு 2 மில்லி ஓம்ஸுக்குச் சற்று மேல். 5 மீட்டருக்கு 10 மில்லி ஓம்ஸ் என்று வைங்க. 54 ஆம்பியருக்கு 0.55 வோல்ட் போகணும். உங்களுக்கு அதுபோல் இரண்டு மடங்கு போகுது. அதனால் அது செம்பாக இருக்காது என்பது என் சந்தேகம். சிசிஏ, அதாவது அலுமினியத்துக்கு மேலே செம்புப் பூச்சு. அதே தடிமனில் செம்பைப்போல 1.6 மடங்கு ரெசிஸ்டன்ஸ். 54 ஆம்பியருக்கு 0.9 வோல்ட், மீதி 0.2 ஃபியூஸ் ஹோல்டரிலும் லக்கிலும் (ஒயர் நுனியில் மாட்டும் வளைய முனை).

சரிபார்க்க எளிய வழி: ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். ஆனால் டின் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் தெரியும், அதற்கு உள்ளே செம்பு நிறம் வரும்வரை சுரண்டணும். சந்தேகமே வேண்டாம் என்றால் எடை பாருங்க. இன்சுலேஷன் உரித்த 10 செ.மீ. துண்டு, 4 கேஜ் (21 ஸ்கொயர் எம்எம்) அசல் செம்பு என்றால் 19 கிராம் இருக்கும். சிசிஏ என்றால் 7, 8 கிராம்தான். இந்த ஒரு எடையிலேயே இன்னொரு ஏமாற்றும் மாட்டும்: மேலே தடித்த ரப்பர், உள்ளே பாதிக் கம்பி, வெளியே '4 கேஜ்' என்று அச்சு.

மார்ச் 4, இரவு 8.20
மாற்று: 4 கேஜ் அசல் செம்பு. மீட்டருக்கு 0.8 மில்லி ஓம்ஸ், 5 மீட்டருக்கு 4, 54 ஆம்பியருக்கு 0.22 வோல்ட் இழப்பு. பேட்டரி ஓரத்தில் 100 ஆம்பியர் ஏஎன்எல் (போல்ட்டில் இறுக்கும் பட்டை வகை) ஃபியூஸ் போடுங்க.

மார்ச் 4, இரவு 9.15 (வேறொரு வாசகர்)
ஆம்பிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்குமே? அப்புறம் பேட்டரி பக்கம் எதுக்கு இன்னொண்ணு? ஆம்பைக் காப்பாத்த ஒண்ணு போதாதா?

மார்ச் 4, இரவு 10.00
பேட்டரி பக்க ஃபியூஸுக்கும் ஆம்புக்கும் சம்பந்தமே இல்லை. அது ஒயரைக் காப்பாற்ற. ஒயர் போகும் வழியில் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஆம்பிலுள்ள ஃபியூஸ் அந்தக் கரண்டைப் பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் பழுது அதற்கு முன்னாலேயே நடக்குது. கார்பெட்டுக்கு அடியில் ஒயர் பழுக்கும்.

அதனால்தான் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்கணும் என்கிறார்கள். அந்த 45 செ.மீ.க்கும் காவல் கிடையாது, ஆகவே அந்தத் துண்டைத் தனியாக ஒரு டியூபுக்குள் விட்டு, கூர்மையான தகடு எதிலும் படாமல் கட்டணும். இன்னும் நல்லது, பேட்டரி தூணிலேயே உட்காரும் எம்ஆர்பிஎஃப் வகை ஃபியூஸ். காவலில்லாத நீளம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கண்ணாடிக் குழாய் ஏஜியூ ஃபியூஸ் 60-க்கு மேல் எனக்கு நம்பிக்கையில்லை. மூடியும் கிளிப்பும் தொடும் இடம் சின்னது, சூடாகி உள்ளே இருக்கும் சால்டரே இளகி, ஃபியூஸ் போகாமலே தொடர்பு போயிருக்கும். மலிவான ரீசெட் பட்டன் பிரேக்கரும் இதே ஜாதி: உள்ளே வோல்ட் தின்னும், போகவேண்டிய நேரத்தில் போகாது.

மார்ச் 5, காலை 7.10
100 ஆம்பியர் என்று நேற்று எழுதினது கொஞ்சம் அவசரம். 4 கேஜ் செம்பு 100-ஐத் தாங்கும், அதில் தப்பில்லை. ஆனால் ஆம்ப் ஃபியூஸ்களின் கூட்டல் 60தான். 80 போதும். ஃபியூஸ் அதன் எண்ணிலேயே அறுந்துவிடாது, எண்ணுக்கு மேல் பத்திருபது சதவீதம் போனாலும் நிமிடக்கணக்கில் நிற்கும். அதனால் சின்ன ஃபியூஸ் அடிக்கடி போகுமோ என்ற பயம் தேவையில்லை. ஒயரின் தாங்குதிறனுக்குக் கீழே, ஆம்ப் ஃபியூஸ் கூட்டலுக்கு மேலே. இந்த இரண்டுக்கும் இடையில் எது கிடைக்கிறதோ அது. இப்ப இருக்கும் 8 கேஜ் சிசிஏவில் அந்த 60 ஆம்பியர் ஃபியூஸே அதிகம். நானாக இருந்தால் 40-க்கு மேல் விடமாட்டேன்.

மார்ச் 5, இரவு 9.30
எர்த். இதுதான் உங்க பெரிய வியாதி, பவர் ஒயர் இரண்டாவதுதான். அரை மீட்டர்கூட இல்லாத ஒயரில் 0.7 வோல்ட் தொலையுது. 0.7-ஐ 54-ஆல் வகுத்தால் 13 மில்லி ஓம்ஸ். அந்த இணைப்பில் 38 வாட் சூடாகப் போகுது. ஒரு சால்டரிங் அயர்னை போல்ட்டில் கட்டிவைத்த மாதிரி. டோன் ஓடவிட்டு நிறுத்தியதும் லக்கைத் தொட்டுப் பாருங்க, கவனமாக.

வழி: தடிமனான தகட்டில், அடிச்சட்டத்தோடு வெல்டாகிச் சேரும் இடமாகப் பாருங்க. டிக்கியின் உள்பக்கத் தளத் தகட்டைவிட, சஸ்பென்ஷன் மேடைக்கு அருகே உள்ள தடித்த இடம் மேல். 30 மி.மீ. வட்டத்துக்கு பெயின்ட், பிரைமர், துருக்காப்புப் பூச்சு எல்லாம் உப்புத்தாளால் போகணும், பளபளவென்று இரும்பு தெரியணும். எம்8 போல்ட், பின்பக்கம் நட். தகட்டில் ஸ்குரூ முறுக்குவது எர்த் ஆகாது: ஒன்றரை நூல்தான் பிடிக்கும், அதிர்வில் இளகும். லக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் ஸ்டார் வாஷர் வைத்து இறுக்குங்க, பல் தகட்டைக் கடிக்கும். முடிந்ததும் மேலே பெயின்டோ கிரீஸோ பூசி மூடணும், இல்லையேல் மழைக்காலம் முடிவதற்குள் துரு உள்ளே போய்விடும்.

எர்த் ஒயர் பவர் ஒயர் அளவேதான். போகும் 54 ஆம்பியர் முழுசும் திரும்பி வரணுமே. நீளம் 45 செ.மீ.க்குள்.

துளை போடும் முன் தகட்டுக்கு அடியில் என்ன இருக்கு என்று கீழே குனிந்து பாருங்க. எரிபொருள் டேங்க், பிரேக் பைப், ஏபிஎஸ் ஒயர் மூன்றும் பெரும்பாலும் அங்கேதான் சுற்றிவரும்.

மார்ச் 5, இரவு 10.40 (வேறொரு வாசகர்)
ஸ்டார் வாஷரை நடுவுல வச்சா கரண்ட் பல் நுனி வழியாத்தானே போகும்? லக் தகட்டோட ஒட்டாதே.

மார்ச் 6, காலை 6.50
நியாயம். திருத்திக்கொள்கிறேன். பெயின்ட் சுரண்டாத தகட்டில் பல் உதவும், ஆனால் நாமதான் சுரண்டிவிட்டோமே. சுத்தமான இரும்பு மேல் லக் முகம் நேராக ஒட்டி உட்காரணும், அதன் மேல் பட்டை வாஷர், அதன் மேல் ஸ்பிரிங் அல்லது ஸ்டார் வாஷர், அப்புறம் நட். வாஷரின் வேலை போல்ட் இளகாமல் பார்ப்பது மட்டும்.

மார்ச் 6, மதியம் 1.20 (கேட்டவர்)
சீட் பெல்ட் போல்ட் நல்ல தடிமனா இருக்கு, அதுல எர்த் எடுக்கலாமா? இன்னொண்ணு: ஓம்ஸ்ல வச்சுப் பாத்தா எர்த் 0.3 ஓம் காட்டுது. 0.3 நல்லதுதானே?

மார்ச் 6, இரவு 8.15
சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீங்க. நூலில் பசை தடவி, குறிப்பிட்ட டார்க்கில் இறுக்கியது. நடுவில் லக் சொருகினால் போல்ட் உட்காரும் ஆழமே மாறிப்போகும். அது உயிரைப் பிடிக்கும் போல்ட், எர்த்துக்கு வேறு இடம் ஆயிரம் இருக்கு.

0.3 என்பது உங்க மீட்டர் லீடின் ரெசிஸ்டன்ஸ். முனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்க, அதே 0.3 காட்டும். உண்மையில் எர்த் 0.3 ஓம்ஸ் என்றால் 54 ஆம்பியருக்கு 16 வோல்ட் போகணும், இருப்பதே 14. நாம் தேடுவது ஓம்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சாதாரண மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. அதனால்தான் கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்க்கச் சொன்னேன். எர்த் பக்கம் 0.1-க்குக் கீழே வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

மார்ச் 6, இரவு 8.40
ஒயர் இழுக்கும் வழி. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் உள்ள வண்டியில் சில நிமிஷம் சும்மா விடுங்க. மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை கண்ணில் பட்டால் அது ஏர்பேக் பாதை, ஒயரை அதோடு சேர்த்துக் கட்டாதீங்க.

ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடு) ஏற்கெனவே உள்ள பெரிய ரப்பர் குரோமெட்டை (துளையில் உட்காரும் ரப்பர் வளையம்) தேடுங்க. ஊசியால் ஒரு துளை குத்தி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் இறுக்கமாக வரும். புதுசாகத் துளை போட்டால் விளிம்பை அரத்தால் தேய்த்து, துருவுக்கு பெயின்ட் பூசி, குரோமெட் மாட்டாமல் ஒயரை விடவே கூடாது. இன்ஜின் பக்கம் துளைக்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்க. மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்து உள்ளே வராமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

ஸ்டீரியரிங் ஷாஃப்ட், பெடல், எக்ஸாஸ்ட் மூன்றுக்கும் தூரம். 25, 30 செ.மீ.க்கு ஒரு கேபிள் டை. கதவோரப் பட்டைக்குக் கீழே போகும்போது அதைப் பிடிக்கும் கிளிப் ஒயரில் ஏறி உட்காருதா என்று பார்த்து மூடுங்க. சீட் ரெயில் வழியைத் தவிருங்க; சீட்டை முன்னும் பின்னும் தள்ளினால் கத்தரிக்கோல் மாதிரி.

மார்ச் 6, இரவு 8.44
ஸ்டீயரிங். 'ஸ்டீரியரிங்' என்று புது உதிரிபாகம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

மார்ச் 7, இரவு 9.00
லக் மாட்டுவது பற்றித் தனியாகச் சொல்லணும், பாதி பழுது இங்கேதான். ஒயர் அளவுக்கு ஏற்ற செம்பு லக், அறுகோண அச்சு உள்ள கிரிம்பர் (லக்கை ஒயரோடு அழுத்தும் கருவி). அழுத்தியபின் இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்க. சுத்தியல், வைஸ், கட்டிங் பிளையர் கொண்டு நசுக்கியதெல்லாம் வெளியே அழகாகவும் உள்ளே இடைவெளியோடும் இருக்கும்.

சால்டர் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஓரிடத்தில் நிற்கும், அந்த எல்லையில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே அறும். ஆம்பின் ஸ்குரூ டெர்மினலில் மாட்டும் நுனிக்கு ஈயம் பூசுவது இன்னும் மோசம்: அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகரும், இன்று இறுக்கியது அடுத்த மாசம் ஆடும். ஃபெரூல் (நுனியில் மாட்டி அழுத்தும் சின்ன உலோகக் குழாய்) போடுங்க. இல்லையா, வெறும் இழைகளைத் திருகி முழுசாக உள்ளே விட்டு இறுக்குங்க. ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொடாமல் பார்க்கணும்.

ரிமோட் ஒயர் (ஸ்டீரியோ போட்டதும் ஆம்பை ஆன் செய்வது): ஸ்டீரியோவின் நீலம்-வெள்ளை. 0.75 ஸ்கொயர் எம்எம் தாராளம். முழு நீலம் என்றால் அது பெரும்பாலும் ஆன்டெனா மோட்டாருக்கு, ரேடியோ போட்டால் மட்டும் 12 வோல்ட் வரலாம். 'பாட்டு வைத்தால் ஆம்ப் அணையுது' என்ற கேள்விக்குப் பல சமயம் இதுதான் பதில்.

இணைக்கும் வரிசை: எர்த் முதலில், அப்புறம் ஸ்பீக்கர், ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுவரும் கேபிள்), ரிமோட். பவர் ஒயர் கடைசி. மெயின் ஃபியூஸ் அதற்கும் கடைசி. இந்த வரிசை ஏன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கு, உங்க விசிலைப் பார்த்துவிட்டுச் சொல்றேன்.

மார்ச் 9, மாலை 5.10 (கேட்டவர்)
எல்லாம் மாத்தியாச்சு. பழைய ஒயர் சிசிஏதான். எர்த் லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது, போல்ட் நூல் வழியாத்தான் வேலை செஞ்சிருக்கு. இப்ப பேட்டரியில் 14.1, ஆம்பில் 13.7. பிளஸ் 0.32, எர்த் 0.06. புரொடெக்ட் போறதில்லை. ஆனா விசில் அப்படியே இருக்கு! ஆர்சிஏ கேபிள் பவர் ஒயர் பக்கத்துல ஓடுறதாலயா?

மார்ச் 9, இரவு 7.45
கேபிளை அந்தப்பக்கம் மாற்றுவது நல்ல பழக்கம், குறுக்கே போகவேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கணும். ஆனால் ஆர்பிஎம்மோடு ஏறும் விசில் பெரும்பாலும் பக்கத்தில் ஓடுவதால் வருவதில்லை, எர்த் விவகாரம்தான்.

சோதனை: ஆம்பிலிருந்து ஆர்சிஏவைக் கழற்றுங்க. விசில் நின்றால் சிக்கல் முன்பக்கம். அப்புறம் ஆர்சிஏவைத் திரும்ப மாட்டி, ஸ்டீரியோவின் பின்பக்கம் ஆர்சிஏ வெளிவளையத்திலிருந்து ஸ்டீரியோவின் உலோக உடம்புக்கு ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்க. அந்த நொடியே விசில் நின்றால், ஸ்டீரியோவுக்குள் ஆர்சிஏ எர்த் அறுந்திருக்கு. சில ஸ்டீரியோக்களில் அந்தப் பாதையில் பிக்கோ ஃபியூஸ் என்று அரிசி அளவு ஃபியூஸ் ஒன்று இருக்கும்.

அது ஏன் போகும்? ஆம்பின் எர்த் மோசம் என்றால், கரண்ட் திரும்ப வேறு வழி தேடும். ஆர்சிஏவின் மெல்லிய வெளிப்பின்னல் ஸ்டீரியோ வழியாக பாடிக்குப் போகும் நல்ல வழி. ஆம்பியர் கணக்கில் அதில் ஓடினால் அரிசி ஃபியூஸ் எம்மாத்திரம். எர்த் முதலில், பவர் கடைசி என்று சொன்னது இதற்குத்தான்.

மார்ச் 10, இரவு 9.20 (கேட்டவர்)
தொட்டதும் விசில் நின்னுடுச்சு! அந்த ஒயரையே அப்படியே விட்டுடலாமா? அப்புறம், வண்டி ஐடிலில் நிக்கும்போது லைட் இன்னும் லேசா மங்குது. ஓடும்போது இல்லை. எர்த்தை நேரா பேட்டரி மைனஸுக்கே இழுத்துடவா?

மார்ச் 10, இரவு 10.10
விடலாம், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். கிளிப் வைத்து உறுதியாக மாட்டணும், வெறுமனே சுற்றிவிட்டால் ஒரு நாள் விசில் திரும்ப வரும்.

ஐடிலில் ஆல்டர்னேட்டர் அதன் முழு ஆம்பியரைத் தராது. மீதியை பேட்டரி கொடுக்கும், கொடுக்கும்போது வோல்ட் 14-லிருந்து 12-ஐ நோக்கி இறங்கும், லைட் மங்கும். இது ஒயரிங் குறை இல்லை. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை, பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் ஒயர், ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு வரும் ஒயர், இந்த மூன்றையும் தடிமனாக்கினால் கொஞ்சம் குறையும். ஆல்டர்னேட்டர் ஒயருக்கும் பேட்டரி ஓரத்தில் ஃபியூஸ் உண்டு, மறக்காதீங்க.

நேராக பேட்டரிக்கு எர்த் இழுப்பது உங்களுக்குத் தேவையில்லை, 0.06-ஐ எதற்குக் கெடுக்கணும். 5 மீட்டர் 4 கேஜ் போட்டால் 0.22 ஆகிவிடும். பாடி பசையால் ஒட்டிய அலுமினியம் என்றால், அல்லது சட்டத்தின் மேல் ரப்பரில் உட்காரும் உடம்பு என்றால், அப்போது யோசிக்கலாம். அப்பவும் பேட்டரி மைனஸ் கிளாம்பில் சின்னப் பெட்டி மாதிரி சென்சார் இருந்தால் தூணில் மாட்டாமல், சென்சாருக்கு அப்பால் பாடியில் அதன் ஒயர் சேரும் இடத்தில் மாட்டணும். தூணில் மாட்டினால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் சென்சாருக்குத் தெரியாது, பேட்டரி நிரம்பியிருப்பதாக நினைத்து சார்ஜைக் குறைத்துவிடும்.

மார்ச் 17, இரவு 8.30 (கேட்டவர்)
ஒரு வாரம் ஓட்டியாச்சு. ஏஎன்எல் ஹோல்டர்ல பேட்டரி பக்கத்து முனை மட்டும் சூடாகுது, மறுமுனை இல்லை. ஃபியூஸ் மாத்தணுமா?

மார்ச் 17, இரவு 8.50
ஃபியூஸ் காரணமென்றால் இரண்டு முனையும் ஒரே மாதிரி சூடாகணும். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ஸ்குரூ. புது ஒயரில் இழைகள் முதல் சில நாளில் அமுங்கி இடம் கொடுக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு (ஃபியூஸை எடுத்தாலும் பேட்டரி பக்கத்து முனையில் வோல்ட் இருக்கும்) அந்த நுனியை வெளியே எடுத்துப் பாருங்க. கறுத்திருந்தால் வெட்டிப் புதுசாக உரித்து மாட்டுங்க, இல்லாவிட்டால் கால் சுற்று இறுக்கினால் போதும். ஆம்ப் டெர்மினலையும் எர்த் போல்ட்டையும் அதே கையோடு பார்த்துவிடுங்க.